நனையாத காவல்

முன்னொரு சமயம், கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு சென்சார் குடியிருந்தது.

உள்ளங்கை அகலம். வெள்ளை. பார்க்க ஒரு பெரிய மாத்திரை மாதிரி இருக்கும். தலையில் ஒரு பொத்தான். அடியில் இரண்டு உலோகப் பொட்டு. அந்தப் பொட்டுகள்தான் அதன் பாதங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே தண்ணீர் வந்து சேர்ந்தால் அது அலறும். அலறினால் ஹாலில் டி.வி. பக்கத்தில் இருக்கும் ஹப் என்கிற பெட்டிக்குக் கேட்கும். ஹப் வீட்டுக்காரனின் போனை அடிக்கும்.

வேலை அவ்வளவுதான். தொட்டால் கத்த வேண்டும். தொடாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான உத்தியோகம் உலகத்தில் கிடையாது என்றுதான் தோன்றும்.

அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்த வீட்டுக்கு நேர் கீழே, முதல் மாடியில், சூசைராஜ் என்று ஒருவர் படுத்திருந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சைத் தின்றுவிட்டது. ஒரு மெஷின் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து மூக்கில் குழாய் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெஷின் நின்றால் மூலையில் இருக்கும் சிலிண்டரைத் திறந்து மாட்ட வேண்டும். அதை அவர் மனைவி ஜெசிந்தாதான் செய்வாள். அவரால் எழுந்து இரண்டு எட்டு வைக்க முடியாது.

அந்த மெஷினுக்கு மின்சாரம் எடுக்கிற பிளக் அவர்கள் சமையலறைச் சுவரில் இருந்தது. அதற்கு நேர் மேலே இந்த சிங்க். போன மழைக்காலத்தில் மேலே சிங்க் ஒழுகிச் சுவர் ஊறிப்போய், பிளக்கில் ஒரு தரம் பொறி பறந்தது. ஒயரை வேறு சுவருக்கு மாற்ற அவர்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. ஜெசிந்தா மாடியேறி வந்தாள். சண்டை போடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி நின்றாள். மேல் வீட்டு ஞானவேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வாரமே பிளம்பரைக் கூப்பிட்டு ஒழுகலை அடைத்தான். சென்சாரும் வாங்கினான்.

மாட்ட வந்தவன் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனான். மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் இதன் அடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினாலும் கத்தும், ஆனால் அது தொண்டையைச் சோதிக்கிற வேலை. பாதத்தைத் தண்ணீர்தான் சோதிக்க முடியும். ஞானவேல் தலையாட்டினான். அவன் மனைவி சுகந்தி அப்போது பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

சென்சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. தரைக்குக் கீழே மெஷின் ஓடுகிற சத்தமும் அதற்குக் கேட்டது. சன்னமாக, விடாமல். அந்தச் சத்தத்துக்குத் தான்தான் காவல் என்று அதற்குப் புரிந்தது. பெருமையாக இருந்தது.

பெருமை முதல் வெள்ளிக்கிழமை வரைதான்.

சுகந்தி வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவிவிடுகிறவள். துடைத்தால் அவளுக்குப் போதாது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, பால்கனி ஓட்டை வழியாக வெளியேற்றினால்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் சிங்க்குக்கு அடியிலும் போனது. பாதம் நனைந்தது. சென்சார் அலறியது.

சுகந்தி வாளியைக் கீழே போட்டாள். ஆபீசில் ஞானவேலின் போன் அடித்தது. அவன் மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடிவந்து வீட்டுக்குப் பேசினான். ஒன்றுமில்லை, வீடு கழுவுகிறேன் என்றாள் அவள். அவன் ஏதோ முனகினான். அடுத்த வெள்ளியும் இதே கதை. அதற்கடுத்த வெள்ளியும். நடுவில் ஒரு நாள் சாம்பார்ப் பாத்திரம் கழுவும்போது நாலு சொட்டு தெறித்தது. அதற்கும் கத்தியது. சனியன் என்று பெயர் வைத்தாள் சுகந்தி.

சென்சாருக்கு மனசு விட்டுப்போனது. சொன்ன வேலையைத்தான் செய்கிறது. தொட்டால் கத்து என்றார்கள். தொட்டது, கத்தியது. அதற்கு ஏச்சு.

பக்கத்தில் ஒரு துணி கிடந்தது. ஞானவேலின் பழைய லுங்கியில் பாதி. தரை துடைக்கக் கிழித்தது. அந்தத் துணிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"துரைக்கு இன்னிக்கும் பூசைதானா?" என்று கேட்டது.



உன் வேலையிலே பாராட்டுக் கிடைக்காது, அதை முதலில் மனசில் போட்டுக்கொள் என்றது லுங்கி. நல்ல சேதி கொண்டுவருகிறவனுக்குக் காப்பி கொடுப்பார்கள், கெட்ட சேதி சொல்கிறவனைச் செருப்பு விடுகிற இடத்தோடு அனுப்பிவிடுவார்கள், நீ கெட்ட சேதி சொல்லவென்றே செய்யப்பட்டவன், அதற்கு அழுது என்ன ஆகப்போகிறது என்றது. ஆறுதல் சொல்லத் தெரியாத துணி அது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுகந்தி வாளியைக் கையில் எடுக்கும் முன் குனிந்து சென்சாரை எடுத்தாள். துடைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள்.

அந்த வீட்டில் எதையும் வெறுமனே வைக்கிற பழக்கம் இல்லை. டி.வி. ரிமோட்டுக்குக் கவர். ஏ.சி. ரிமோட்டுக்குக் கவர். கார் வாங்கி எத்தனையோ காலம் ஆகியும் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உரிக்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கின சாமான் தூசி படாமல், தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். அது பேணுகிற குணம். குற்றம் சொல்ல முடியாது.

சென்சாரைக் கவருக்குள் போட்டாள். காற்றைப் பிதுக்கி, வாயை மடித்து, ரப்பர் பேண்டு சுற்றினாள். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். பிறகு வீடு கழுவினாள்.

தண்ணீர் வந்தது. கவரைச் சுற்றிப் போனது. சென்சாருக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தவில்லை. ஞானவேலின் போன் அடிக்கவில்லை.

சாயங்காலம் அவன் வந்ததும் சுகந்தி விஷயத்தைச் சொன்னாள். அவன் குனிந்து பார்த்தான். எங்கேயாவது தண்ணீர் பட்டு சாமான் கெட்டுப்போய்விடக் கூடாது, நல்ல வேலை செய்தாய் என்றான். சொல்லிவிட்டுக் கவர் மேலேயே பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினான். சென்சார் அலறியது. ஹப் கூப்பிட்டது. போன் அடித்தது.

"இப்பத்தான் இது அடக்கமா இருக்கு" என்றாள் சுகந்தி.

இந்த வீட்டுக்கு வந்து சென்சாருக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

அன்று முதல் சுகமான வாழ்க்கை. குளிர் இல்லை. கரப்பான் மேலே ஏறினாலும் கால் வழுக்கிப் போய்விடும். சோப்புத் தண்ணீர் எரிச்சல் இல்லை. யாரும் வையவில்லை. ஹப் மட்டும் ஹாலிலிருந்து அவ்வப்போது விசாரிக்கும். ஹப் பேசுவது எப்போதும் இலக்கணச் சுத்தமாக இருக்கும்.

"சமையலறை நிலவரம்?"

"உலர்வு. நலம்."

"நன்றி."

அவ்வளவுதான். ஹப் அதைப் பச்சைப் புள்ளியாக்கி ஞானவேலின் போனில் வைக்கும். அவன் காலையில் பல் துலக்கிக்கொண்டே அந்தப் புள்ளியைப் பார்ப்பான். திருப்தி.

லுங்கிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"நீ நலம்னு சொல்றது வீட்டையா, உன்னையா?" என்று ஒரு நாள் கேட்டது.

வீட்டைத்தான் என்றது சென்சார். பாதம் காய்ந்திருக்கிறது, அதனால் வீடும் காய்ந்திருக்கிறது.

லுங்கி அப்போது நனைந்து கனத்துக் கிடந்தது. காலையில் சிந்தின கஞ்சித் தண்ணீரைக் குடித்த வயிறு. என்னைப் பார், உன் பக்கத்தில்தான் கிடக்கிறேன், நான் காய்ந்தா இருக்கிறேன் என்று கேட்டது. ஈரம் இல்லை என்பது வேறு, ஈரம் உன்கிட்டே வர முடியவில்லை என்பது வேறு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாத ஒன்றை எதற்காக இங்கே குந்தவைத்திருக்கிறார்கள் என்று திட்டியது.

சென்சார் பேச்சை மாற்றியது.

நாள் போனது. ஃபில்டர் மாற்ற ஒரு ஆள் வந்தான். சிங்க்குக்கு அடியில் குடிதண்ணீர் ஆர்.ஓ. மெஷினுக்குப் போகிற வெள்ளைக் குழாய் ஒன்று உண்டு. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. ஆள் அதைக் கழற்றினான், ஃபில்டரை மாற்றினான், திரும்ப மாட்டினான். மாட்டும்போது அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே நட்டைத் திருகிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அன்றிலிருந்து வெள்ளைக் குழாய் புலம்ப ஆரம்பித்தது. கழுத்து சரியாக உட்காரவில்லை என்றது. மோட்டார் ஓடுகிறபோதெல்லாம் நழுவுகிற மாதிரி இருக்கிறது என்றது. சென்சாரிடம்தான் முறையிட்டது. வேறு யாரிடம் போய்ச் சொல்லும்?

"ஈரமா வந்து சொல்லு" என்றது சென்சார். "வாய் வார்த்தையா சொன்னா மேலிடத்துக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை."

"ஈரமா வர்ற அன்னிக்கு நான் கழண்டு கிடப்பேன்" என்றது குழாய்.

"அன்னிக்குச் சொல்றேன்."

குழாய் வாயை மூடிக்கொண்டது. லுங்கி மூடிக்கொள்ளவில்லை. நல்ல ஆபீசர் ஆகிவிட்டாய் என்றது. குழாயின் கழுத்து போனால் தண்ணீர் வரும். வந்தால் உன்னைச் சுற்றிக்கொண்டு, சுவர் ஓரமாக இருக்கிற பைப் ஓட்டையில் இறங்கும். இறங்கினால் எங்கே போகும் என்று உனக்கே தெரியும். கீழே கேட்கிறதே, அந்த மெஷின் சத்தம், அது நிற்கும்.

சென்சாருக்கு அது தெரியாமல் இல்லை. கவருக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சில மத்தியானங்களில் சூசைராஜ் இருமுவதும் கேட்கும். அந்த இருமல் அடங்குகிற வரை சென்சாருக்கு நிம்மதி இருக்காது.

நான் என்ன செய்ய முடியும், எனக்குக் கையா இருக்கிறது கவரைப் பிரிக்க என்று கேட்டது.

"ஒண்ணு செய்யலாம்" என்றது லுங்கி. "அடுத்த தரம் ஞானவேல் பொத்தானை அமுக்கறப்ப கத்தாதே."

"கத்தாமலா?"

"கத்தினா எல்லாம் சரியா இருக்குன்னு போயிடுவான். கத்தலேன்னா என்னமோ ஏதோன்னு கவரைப் பிரிப்பான். மாட்டினவனைக் கூப்பிடுவான். அவன் வந்தா முதல்ல அந்த உறையைத்தான் கிழிப்பான்."

சென்சாருக்குத் திக்கென்றது. கத்தாவிட்டால் கெட்டுப்போனது என்பார்கள். கெட்டுப்போன சாமான்கள் இந்த வீட்டில் எங்கே போகும் என்று அது பார்த்திருக்கிறது. கேஸ் பற்றவைக்கிற லைட்டர் ஒன்று ஒரு நாள் பொறி விடவில்லை. பிரித்தா பார்த்தார்கள்? சுகந்தி இரண்டு தட்டுத் தட்டினாள், குப்பைக் கூடையில் போட்டாள்.

யோசிக்கிறேன் என்றது.

யோசி, யோசி, நனைந்தால் யோசிக்க வேண்டியிருக்காது, காய்ந்து கிடக்கிறவனுக்குத்தான் யோசனை என்று லுங்கி திரும்பிப் படுத்துக்கொண்டது.

அந்தச் சமயமும் வந்தது.

சுகந்தியின் தம்பிக்குப் பழனியில் கல்யாணம். சனி, ஞாயிறு வீடு பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலை பெட்டியெல்லாம் வாசலில் வைத்தாகிவிட்டது. சுகந்தி பட்டுப் புடவை கசங்காமல் காரில் எப்படி உட்காருவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா மேலே வந்தாள்.

கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஊருக்குப் போகும்போது தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் போக முடியுமா? பால்கனிச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடுகிற குழாய் போட்டிருக்கிறது, மூடினால் செடி வாடிவிடும் என்றான் ஞானவேல். பொய் இல்லை. புதிதாக வைத்த ரோஜா மொட்டு விட்டிருந்தது.

"அப்ப அந்தக் கத்தற சாமான் இருக்குதுங்களா தம்பி?"

"அதுக்குத்தானுங்கக்கா வாங்கி வெச்சிருக்கறது. பழனியில இருந்தாலும் போன் வந்துரும். வாட்ச்மேன்கிட்ட சாவி இருக்குது. வாங்க, நீங்களே பாருங்க."

சமையலறைக்குள் கூட்டிப்போனான். சிங்க் கதவைத் திறந்து சென்சாரை வெளியே எடுத்துக் காட்டினான். உறை போட்ட சாமானைப் பார்த்து ஜெசிந்தாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் வீட்டு ரிமோட்டும் அப்படித்தான் இருக்கும். பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

"இப்பப் பாருங்க" என்று கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தான்.

உள்ளே லுங்கி தலையைத் தூக்கியது. கத்தாதே என்றது.

சென்சாருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் கேட்டது. கீழே மெஷின். பக்கத்தில் குழாயின் முனகல். லுங்கியின் குரல். நேர் எதிரே ஜெசிந்தாவின் முகம். இந்த முகத்துக்காகத்தான் தன்னை வாங்கிவந்தார்கள் என்பது அதற்கு ஞாபகம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தால் போதும்.

இருந்தால், பழனிக்குப் போகிற அவசரத்தில் இவன் என்ன செய்வான்? பிரிப்பானா? குப்பையில் போடுவானா?

பொத்தான் அமுங்கியது.

சென்சார் அலறியது. என்றைக்கும் இல்லாத அலறல். போன் அடித்தது. ஹாலிலிருந்து ஹப் கணீரென்று சொன்னது: சமையலறையில் நீர்க்கசிவு. ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தே விட்டாள். செத்தவனே எழுந்திருச்சிருவானாட்ட இருக்குது தம்பி என்றாள். நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனாள்.

லுங்கி அதற்குப் பிறகு சென்சாருடன் பேசவில்லை.

வீடு பூட்டப்பட்டது. கார் கிளம்பிப் போனது. 

வெயில் ஏறின சமயம், மேல் தொட்டிக்கு மோட்டார் போட்டார்கள். குழாய்களில் தண்ணீர் முட்டியது. வெள்ளைக் குழாய் ஒரு தரம் விக்கியது. பிறகு கழுத்து நழுவி, ஓரமாகத் தலையைத் தொங்கப் போட்டது. சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு வாய் நிறையத் தண்ணீர்.

தண்ணீர் முதலில் லுங்கியை நனைத்தது. லுங்கி குடிக்கிற வரை குடித்தது. அரை லுங்கி எவ்வளவு குடிக்கும்? வழிந்தது. பிறகு சென்சாரை நோக்கி வந்தது.

தண்ணீருக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அது வழி இருக்கிற பக்கம் போகிற ஜாதி. ஆனாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு. காவல் இருக்கிற இடத்தில் காவலைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

"வந்திருக்கேன்" என்றது.

"தொடு" என்றது சென்சார். "சீக்கிரம் தொடு. கத்தறதுக்குத் தயாரா இருக்கேன்."

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உனக்குத் தெரியலையா?"

சென்சாருக்குத் தெரியவில்லை. பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மயிரிழை தடிமனில் ஒரு பிளாஸ்டிக். அந்தப் பக்கம் ஆறு மாதிரி ஓடினாலும் இந்தப் பக்கம் பாலைவனம். தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. ரப்பர் பேண்டு போட்ட மடிப்பைத் தட்டிப் பார்த்தது. சுகந்தி கட்டினால் கட்டினதுதான். ஒரு சொட்டு நுழையவில்லை.

என்னால் நிற்க முடியாது, பின்னால் தள்ளுகிறது என்று தண்ணீர் சொன்னது. குரலில் வருத்தம் இருந்ததா என்று சொல்வதற்கில்லை. சுவர் ஓரம் போனது. பைப் ஓட்டையைக் கண்டுபிடித்தது. இறங்கத் தொடங்கியது.

அந்நேரம் பார்த்து ஹப் விசாரித்தது.

"சமையலறை நிலவரம்?"

வெள்ளம் என்று சொல்லத்தான் சென்சார் நினைத்தது. அதன் காதில் தண்ணீர்ச் சத்தம் இரைகிறது. பக்கத்தில் லுங்கி மூழ்கிக் கிடக்கிறது. எல்லாம் தெரியும். ஆனால் அதன் நாக்கு பாதத்தோடு கட்டப்பட்ட நாக்கு. பாதம் என்ன சொல்கிறதோ அதைத்தான் நாக்கு சொல்லும். அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது.

"உலர்வு" என்றது நாக்கு. "நலம்."

"நன்றி" என்றது ஹப்.

பழனியில், கல்யாண மண்டபத்தில், ஞானவேல் போனை எடுத்துப் பார்த்தான். பச்சைப் புள்ளி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கீழே ஜெசிந்தா அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினாள். இதோ வந்துவிடுகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனது தரை வழியாகக் கேட்டது. சென்சாருக்கு அவளைத் தடுக்க வேண்டும் போல் இருந்தது. காலையில் அவளைச் சிரிக்க வைத்த குரல் தொண்டையில்தான் இருந்தது. பொத்தானை அமுக்க ஆள் இல்லாமல் அந்தக் குரல் வெளியே வராது.

சுவருக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தத்தை அது கேட்டுக்கொண்டே கிடந்தது. பிறகு கீழே படக்கென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது.

நின்ற உடனே அந்த மெஷின் கூப்பாடு போட்டது. கரண்ட் போனால் கூவுகிற ஏற்பாடு அதற்கும் உண்டு. அதுவும் ஒரு காவல்தான். அதற்கு யாரும் உறை போடவில்லை. விட்டு விட்டுக் கூவியது. வீட்டில் கேட்க ஆள் இல்லை. கட்டில் கிறீச்சிட்டது. சூசைராஜ் சிலிண்டர் இருக்கிற மூலைக்கு எழ முயன்றிருக்க வேண்டும். ஏதோ விழுந்தது. பாத்திரமாக இருக்கும் என்று சென்சார் நினைத்துக்கொண்டது. அப்படி நினைத்தால்தான் அதால் இருக்க முடிந்தது.

மெஷின் கூவிக் கூவி ஓய்ந்தது.

ஜெசிந்தா திரும்பி வந்தாள். அவள் குரலை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். வாட்ச்மேன் மாடியேறி வந்து கதவைத் திறந்து வால்வை மூடினான். தரை முழுக்கத் தண்ணீர். அவன் சிங்க்குக்கு அடியில் எட்டிப் பார்த்தான். கழன்ற குழாயைப் பார்த்தான். கவருக்குள் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சாமான் அவன் கண்ணில் படவில்லை. அது அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது.

கல்யாணம் முடிகிற வரை ஞானவேலுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னதும் புறப்பட்டு வந்தார்கள். மணவீட்டுச் சந்தனம் கன்னத்தில் காயாமலேயே அவன் கீழ் வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நின்றான். சுகந்தி தலையில் பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பொய் அழுகை இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சர்ச்சுக்குப் போனார்கள். கல்லறைக்கும் போனார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் ஜெசிந்தா மாடிக்கு வந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றாள். கேட்கத்தான் வந்திருந்தாள். ஒன்றே ஒன்று.

"அது கத்தலைங்களா தம்பி?"

ஞானவேல் குனிந்து சிங்க் கதவைத் திறந்தான். கவருக்கு வெளியே உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.  போனை எடுத்துப் பார்த்தான். அன்றைய தேதிக்கு நேரே வரிசையாகப் பச்சைப் புள்ளி. அவனுக்கே புரியவில்லை. கட்டைவிரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது.

சென்சார் அந்த விரல் வருவதைப் பார்த்தது.

சனிக்கிழமையிலிருந்து அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தது. இனி ஒரு தரம்கூடப் பொத்தானுக்காகக் கத்துவதில்லை. குப்பைக் கூடைக்குப் போனாலும் சரி. கத்தாமல் இருந்தால் என்ன ஏது என்று கவரைப் பிரிப்பான். பிரித்தால் உள்ளே பாதம் எவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று தெரியும். எதனால் இது நடந்தது என்று இவளுக்குத் தெரியும். அவ்வளவாவது அவளுக்குச் சேர வேண்டும்.

பொத்தான் அமுங்கியது.

அது கத்தவில்லை.

ஞானவேல் மறுபடி அமுக்கினான். அழுத்தி அமுக்கினான். சுகந்தி எட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை.  பிரி என்று சென்சார் வேண்டிக்கொண்டது. பிரித்துப் பார். ரப்பர் பேண்டுதான். ஒரு இழு இழு.

ஞானவேலின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பிவந்தது. நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போன மாதிரி நீளமாக மூச்சு விட்டான்.

"பாருங்கக்கா. சாமானே கெட்டுப் போயிருக்குது. ஊருக்குப் போறன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நீங்களும் பாத்தீங்கல்ல."

"பாத்தனே தம்பி" என்றாள் ஜெசிந்தா. யோசித்துப் பார்த்தாள். கண்ணாலே பார்த்தவள் அவள். காதைப் பொத்தியவள் அவள். "கத்துச்சே. நல்லாத்தான் கத்துச்சு."

இதை நம்பித்தான் எல்லாம் விட்டுப்போனோம், இந்தக் காலத்துச் சாமான் எதையும் நம்ப முடிவதில்லை என்றாள் சுகந்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெசிந்தா தலையசைத்தாள். நீங்க என்னங்க பண்ணுவீங்க என்று அவளே அவர்களுக்கு ஆறுதல் சொன்னாள். படியிறங்கிப் போனாள்.

ஞானவேல் குப்பைக் கூடையை மிதித்துத் திறந்தான். உறையோடேயே போட்டான்.

உறை போட்ட நாளிலிருந்து அது சொன்ன ஒரே உண்மை அந்த மௌனம்தான். அதற்குத்தான் அதைக் கெட்டுப்போனது என்றார்கள்.